தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பின் ஐஸ் மிஷின் வாடகைக்கு எடுக்க வேண்டுமா? அம்மாவுக்காகக் கேட்கிறேன்

சேலத்து_மகன் | வியாழன் இரவு

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 61. கார்த்திகை தீபத்தன்று மொட்டை மாடியில் விளக்கு வைக்கப் போனவர், எண்ணெய் சிந்திய படியில் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்துவிட்டார். சுளுக்குதான் என்று மூன்று வாரம் தைலம் தேய்த்தோம். தலை பின்ன கை எழவில்லை என்று அம்மா சொன்ன பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். தோள்பட்டையைச் சுற்றியுள்ள தசைநார்களில் மேலே இருப்பது, சுப்ராஸ்பைனேட்டஸ், எலும்பிலிருந்து முழுவதும் கிழிந்து விலகியிருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை ஆர்த்ராஸ்கோபி மூலம், அதாவது சின்னத் துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டு, தைக்கிறார்கள்.

டாக்டர் நல்லவர், ஆனால் அவசரத்தில் இருந்தார். "வீட்டில் ஐஸ் வையுங்கள்" என்று ஒரே வரிதான் சொன்னார். வெளியே வந்தபோது மருத்துவக் கருவி விற்பவர் ஒருவர் ஒரு துண்டுத்தாள் கொடுத்தார். ஐஸ் தண்ணீர் ஓடும் ஒரு உறையைத் தோளில் மாட்டினால், அது குளிரும் தருமாம், காற்றை நிரப்பி அழுத்தமும் தருமாம். இரண்டு வாரத்துக்கு அவர் சொன்ன வாடகை என் மாதச் சம்பளத்தில் பாதி.

பாட்டிக்கு இது எதிலும் சம்மதமில்லை. "பச்சைப் புண் மேல் ஐஸா? சன்னி கண்டுவிடும். தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடு" என்கிறார். அம்மாவுக்கு எட்டு வருடமாகச் சுகர் இருக்கிறது, மாத்திரையில் கட்டுக்குள் வைத்திருக்கிறோம்.

மிஷின் எடுத்தால்தான் அம்மா நன்றாகத் தேறுவார் என்றால் கடன் வாங்கியாவது எடுத்துவிடுவேன். அது தேவையா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பிசியோ_நெல்லை | வியாழன் இரவு

தம்பி, 14 வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். தோள் அறுவை முடிந்து வருகிறவர்கள் எங்களிடம் நிறைய. முதலில் பாட்டி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், வீட்டில் பெரிய சிக்கலே அங்கேதான் வரும்.

நம் வீடுகளில் ஒத்தடம் என்றாலே சூடுதான். தவிடு, உப்பு, நொச்சி இலை எல்லாமே சூடாக்கித்தான் வைப்போம். நாள்பட்ட பிடிப்புக்கும் இறுகிய தசைக்கும் அது நல்லது, பாட்டி கண்ட அனுபவம் பொய்யில்லை. ஆனால் ஆபரேஷன் ஆன புதிதில் சூடு வைத்தால் ரத்தக் குழாய்கள் விரியும், வீக்கம் கூடும், கசிவு அதிகமாகும். முதல் சில வாரங்களுக்குத் தவிடு வேண்டாம். "அப்புறம் பிடிப்பு விடும் கட்டத்தில் உங்கள் ஒத்தடம்தான்" என்று பாட்டியிடம் சொல்லுங்கள். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. ஆறேழு வாரம் கழித்து, பயிற்சிக்கு முன்னால் மிதமான சூடு வைக்க நானே சொல்வேன்.

சன்னி பயமும் வேண்டாம். ஐஸ் வைக்கும் இடத்தில் மட்டும்தான் குளிரும். பதினைந்து நிமிடத்தில் உடம்பின் சூடு மாறாது.

இப்போது மிஷின். ஆர்த்ராஸ்கோபி செய்யும்போது உள்ளே தெளிவாகத் தெரிய உப்புநீரை அழுத்தத்தோடு செலுத்திக்கொண்டே இருப்பார்கள். அதில் கொஞ்சம் சுற்றியுள்ள தசைக்குள் இறங்கிவிடும். அறுவை முடிந்து வரும்போது அம்மாவின் தோள் பந்து போல இருக்கும், பயந்துவிடாதீர்கள். ஓரிரு நாளில் பெரும்பகுதி உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். குளிர் வைப்பதால் ரத்தக் குழாய் சுருங்கும், நரம்பு வலியைக் கடத்தும் வேகம் குறையும். லேசான அழுத்தம் சேர்ந்தால் நீர் தேங்குவது குறையும், உறையும் தோலோடு ஒட்டி உட்காருவதால் குளிர் ஒழுங்காக இறங்கும். அழுத்தக் குளிர் சிகிச்சை என்பது இவ்வளவுதான்.

இதை மிஷினால்தான் செய்ய முடியும் என்பதில்லை.

கபடி_பழைய_ஆள் | வெள்ளி காலை

எனக்கு இடது தோள் மூன்று முறை நழுவி, 2016-ல் பங்கார்ட் ரிப்பேர் செய்தார்கள், தோள் கிண்ணத்தின் ஓரத்தில் கிழிந்ததைத் தைக்கும் ஆபரேஷன். ஊரில் மிஷினும் கிடையாது, வாடகைக்கு விட ஆளும் கிடையாது. அண்ணன் தினமும் காலையில் ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு பாளத்தை சாக்கில் கட்டிக் கொண்டுவருவார். உடைத்து, இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஈரத் துண்டில் சுற்றி வைத்தோம். மூன்று நாள் அப்படித்தான் ஓடியது. இன்று என்னால் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைக்க முடிகிறது.

ஒரு தப்பு செய்தோம், அதைச் சொல்கிறேன். ஐஸ் சீக்கிரம் உருகுகிறதே என்று அண்ணன் கல்லுப்பு போட்டுவிட்டார், ஐஸ்கிரீம் வண்டியில் போடுவார்களே அது மாதிரி. வைத்த சில நிமிடத்தில் சுரீர் என்று எரிந்தது. எடுத்துப் பார்த்தால் தோல் வெள்ளையாக இருந்தது. நல்லவேளை எனக்கு உணர்ச்சி இருந்தது.

பிசியோ_நெல்லை | வெள்ளி காலை

இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். சும்மா ஐஸ் உருகும்போது 0 டிகிரியிலேயே நிற்கும், அதற்குக் கீழே போகாது. உப்பு சேர்த்தால் 0-க்கும் கீழே இறங்கிவிடும். ஃப்ரீசரில் வைத்த ஜெல் பேக்கும் அப்படித்தான். ஃப்ரீசர் சுமார் மைனஸ் 18 டிகிரி, அதிலிருந்து எடுத்ததும் ஜெல்லும் ஏறக்குறைய அந்தக் குளிரில்தான் இருக்கும். தொட்டால் மெத்தென்று இருப்பதால் ஆபத்து இல்லை என்று தோன்றும். உண்மையில் கட்டி ஐஸைவிட அதுதான் தோலைச் சுடும்.

எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீரும் ஐஸும் கலந்த பைதான். உருகிக்கொண்டே இருக்கிற ஐஸ் தனக்குத்தானே வெப்பநிலையைக் காத்துக்கொள்ளும். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தை அது தோளிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. காசு கொடுத்து வாங்கும் எந்த ஜெல்லைவிடவும் இது நம்பகமானது.

டொரண்டோ_யாழ்ப்பாணம் | வெள்ளி மாலை

வணக்கம் தம்பி. அம்மா சுகமாக வரவேண்டும்.

நான் இரண்டு மாதிரியும் பாவித்தவன். 2014-ல் வலது தோளுக்கு ஐஸ் பெட்டி, 2021-ல் இடது தோளுக்குப் பெரிய மிஷின். இங்கே ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் இதற்குக் காசு தராது, வேலையிடத்துக் காப்புறுதிதான் ஒரு பகுதியைத் தந்தது.

முதலாவது மின்சாரம் இல்லாதது. கிரையோ கஃப் என்று பெயர். ஒரு சிறிய கூலர், அதிலிருந்து ஒரு குழாய், தோளில் மாட்டும் உறை. கூலரை உயரத் தூக்கினால் ஐஸ் தண்ணீர் உறைக்குள் இறங்கும். தண்ணீரின் உயரம்தான் அழுத்தம். ஒரு அடி உயரத்துக்குத் தூக்கினால் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரும். தண்ணீர் சூடானதும் கூலரைக் கீழே வைத்தால் திரும்பி வந்துவிடும், குலுக்கி மறுபடியும் தூக்க வேண்டும். மனைவிதான் செய்தா. இரவிலும் எழுந்து செய்தா.

இரண்டாவது கேம் ரெடி. அதில் ஐஸ் தண்ணீர் ஒரு அறையில் ஓடும், பக்கத்து அறையில் காற்று ஏறி இறங்கும். விண்வெளி உடைகளை வடிவமைத்த வில்லியம் எல்கின்ஸ் என்ற பொறியியலாளரின் வேலையில் இருந்து வந்தது. விண்வெளி வீரர்கள் தண்ணீர்க் குழாய்கள் ஓடுகிற உள்ளாடை போடுவார்கள், அதே யோசனை. பொத்தானை அழுத்திவிட்டுச் சாயலாம். ஒருவரையும் எழுப்பத் தேவையில்லை.

நேர்மையாகச் சொல்கிறேன். ஆறு கிழமை (வாரம்) கழித்துப் பார்க்கும்போது இரண்டு தோளுக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் முதல் ஐந்து இரவுகளில்தான். அதுவும் எனக்கில்லை, மனைவிக்கு.

அம்மாவோடு இரவில் இருக்க ஆள் உண்டா? உண்டென்றால் காசை மிச்சம் பிடியுங்கோ.

சேலத்து_மகன் | வெள்ளி இரவு

அண்ணா, நானும் என் மனைவியும் மாறி மாறி இருப்போம். ஆள் இருக்கிறது.

பிசியோ அக்கா, ஒரு கேள்வி. இதைப் பற்றி ஆராய்ச்சி ஏதாவது உண்டா? சொந்தக்காரர் ஒருவர், "மிஷின் இல்லாவிட்டால் தையல் சரியாகப் பிடிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதைக் கேட்டுவிட்டார். "பணத்துக்குப் பார்க்கிறானோ" என்று நினைப்பாரோ என்று இருக்கிறது.

பிசியோ_நெல்லை | வெள்ளி இரவு

உண்டு தம்பி. இரண்டு கேள்விகளைக் கலக்காமல் பாருங்கள்.

குளிர் வைப்பதா, ஒன்றும் வைக்காமல் இருப்பதா? 1996-ல் அமெரிக்காவில் ஸ்பியர் என்ற மருத்துவரும் குழுவினரும் தோள் அறுவை செய்துகொண்ட 50 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். குளிர் வைத்தவர்களுக்கு முதல் இரவே வலி குறைவு, தூக்கம் மேல். 2001-ல் வந்த இன்னொரு ஆய்வும் இதே பக்கம்தான். ஆக, ஐஸ் வைப்பது வீண் இல்லை.

அழுத்தக் குளிர் மிஷினா, சாதா ஐஸா? 2015-ல் கிராட்லர் குழுவினரின் ஆய்வு வந்தது. அம்மாவுக்குச் செய்யப்போகும் அதே வகை அறுவைதான், ஆர்த்ராஸ்கோபி மூலம் தசைநார் தைத்தவர்கள், எலும்பைச் செதுக்கி இடம் விட்டவர்கள் என 46 பேர். 25 பேருக்கு அழுத்தக் குளிர் மிஷின், மற்ற 21 பேருக்கு வழக்கமான ஐஸ். முதல் வாரம் முழுவதும் வலியையும் வலி மாத்திரைக் கணக்கையும் குறித்தார்கள். இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

46 பேர் சிறிய எண்ணிக்கைதான். முழங்காலில் அழுத்தத்துக்குக் கொஞ்சம் கூடுதல் பலன் கிடைக்கலாம், அது உருண்டையாக இருக்கிறது, சுற்றிக் கட்டலாம். தோள் அப்படி இல்லை. ஒரு பக்கம் கழுத்து, ஒரு பக்கம் மார்பு, கீழே அக்குள். பட்டையை எதிர் அக்குள் வழியாக இழுத்துத்தான் கட்ட வேண்டும். எவ்வளவு இழுத்தாலும் நீர் கீழ்நோக்கித்தான் இறங்கும். அதனால்தான் மூன்றாம் நாள் முழங்கை வரை கன்றிப்போய் மஞ்சளும் ஊதாவுமாகத் தெரியும். அதையும் முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

உள்ளே மூட்டு வரை குளிர் போகிறதா என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை. 1997-ல் மூட்டுக்குள் வெப்பமானி வைத்துப் பார்த்தவர்கள் குறையவில்லை என்றார்கள். 2002-ல் வந்த இன்னொரு ஆய்வு, தொடர்ந்து குளிர் வைத்தால் குறைகிறது என்றது. தோளின் மேல் டெல்டாய்டு தசை கனமாக மூடியிருக்கிறது, ஆளுக்கு ஆள் கொழுப்பும் மாறும்.

தையல் பிடிப்பதற்கும் மிஷினுக்கும் தொடர்பு இல்லை என்று அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். தசைநாரை எலும்போடு பிடித்துவைப்பது எலும்புக்குள் பதிக்கும் ஆங்கர்கள், நூல் கோத்த சின்ன ஆணிகள் மாதிரி. அது ஒட்டி வளர, கையைத் தாங்கிப் பிடிக்கும் தூளிப் பட்டையான ஸ்லிங்கை வாரக்கணக்கில் கழற்றாமல் இருக்க வேண்டும். சுகர் கட்டுக்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டும்தான் உங்கள் சொந்தக்காரர் கவலைப்பட வேண்டியவை. நீங்கள் பணத்துக்குப் பார்க்கவில்லை தம்பி, அம்மாவுக்காகத் தேடிப் படிக்கிறீர்கள்.

மயக்கவியல்_கோவை | சனி காலை

நான் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர். இந்த இழையில் ஒன்று விடுபட்டிருக்கிறது.

தோள் அறுவைக்குப் பெரும்பாலும் கழுத்தருகே நரம்பு பிளாக் ஊசி போடுவோம். கை முழுவதும் மரத்துப் போகும். சாதாரணமாக 12 முதல் 24 மணி நேரம் இருக்கும். அந்த நேரத்தில் அம்மாவுக்குத் தோளில் வலி தெரியாது, குளிர் தெரியாது, சுடுவதும் தெரியாது. "குளிர் அதிகமாக இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். அப்போது அவருக்குப் பதிலாகக் கடிகாரமும் உங்கள் கண்ணும்தான் வேலை செய்ய வேண்டும்.

முதல் இரவு ஐஸ் வைப்பதென்றால், கட்டின் மேல் துணி வைத்து, 15 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓரத்தைத் தூக்கித் தோலைப் பாருங்கள். இளஞ்சிவப்பு சரி. மெழுகு போல வெளுத்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

அதே பக்கக் கண்ணிமை லேசாகத் தொங்கலாம், குரல் கம்மலாம். ஊசி பக்கத்து நரம்புகளைத் தொடுவதால் வருவது அது, மரப்பு விடும்போது சரியாகும். பக்கவாதம் என்று நினைத்து நள்ளிரவில் ஓடிவந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது. மூச்சு லேசாகக் குறைந்தது போலவும் தோன்றலாம், நிமிர்ந்து சாய்ந்தால் இதமாக இருக்கும். மூச்சுத் திணறினால் காத்திருக்காதீர்கள், மருத்துவமனைக்கு வாருங்கள்.

மரப்பு விடுவது படிப்படியாக நடக்காமல் அணை உடைந்தது போல வலி வரலாம். விரல் நுனி குறுகுறுக்கத் தொடங்கியதுமே டாக்டர் எழுதிய வலி மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். வலி வந்த பிறகு துரத்துவது கடினம். அந்த அலையை ஐஸ் மட்டும் தாங்காது.

வேலூர்_வாசகி | சனி மதியம்

மேலே டாக்டர் சொன்னது எங்கள் வீட்டில் நடந்தது. எழுதக் கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதுகிறேன், இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.

என் கணவருக்கு இரண்டு வருடத்துக்கு முன் தோள் அறுவை. ஒரு தனியார் மருத்துவமனை. இரவு பணியில் இருந்த பெண் ஜெல் பேக் ஒன்றை எடுத்துவந்து ஒரு மெல்லிய துணி சுற்றி வைத்துவிட்டுப் போனார். எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. அவருக்குக் கை மரத்திருந்தது. சுகமாகத் தூங்குகிறாரே என்று நானும் எடுக்கவில்லை. விடியற்காலை எடுத்தபோது தோளின் முன்பக்கம் நாலு விரல் அகலத்துக்குக் கொப்புளம். தையல் பிரித்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் புண்ணுக்குக் கட்டு மாற்றினோம். பயிற்சி தள்ளிப்போனது. இப்போதும் அந்த இடத்தில் தோல் கறுத்துத்தான் இருக்கிறது, தொட்டால் மதமதப்பு.

யாரையும் குறை சொல்லி இப்போது பயன் இல்லை. நான் அலாரம் வைத்திருக்க வேண்டும். தம்பி, நீங்கள் அலாரம் வையுங்கள்.

சேலத்து_மகன் | சனி மதியம்

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் மனைவியிடம் காட்டினேன். இரண்டு போனிலும் 15 நிமிட அலாரம் இப்போதே வைத்துவிட்டோம். உங்கள் கணவர் நலமா? பயிற்சி முழுவதும் முடிந்ததா?

வேலூர்_வாசகி | சனி மாலை

நலம் தம்பி. சட்டை தானாகப் போடுகிறார். பைக் ஓட்டுகிறார்.

கேள்விக்காரன் | ஞாயிறு

எனக்கு ஒரு சந்தேகம், தவறாக நினைக்க வேண்டாம். ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978-ல் கொடுத்த கேப் மிர்கின் என்ற மருத்துவரே 2014-ல், ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதிவிட்டாரே? வீக்கமும் அழற்சியும்தானே உடம்பு தன்னைச் சரிசெய்யும் வழி? தைத்த நாரை உடம்பு ஒட்டவைக்க வரும்போது அதைக் குளிரவைத்துத் தடுப்பது சரியா?

பிசியோ_நெல்லை | ஞாயிறு இரவு

நல்ல கேள்வி, இதை நானும் எனக்குள் கேட்டுக்கொண்டதுண்டு. மிர்கின் பேசியது பெரும்பாலும் விளையாட்டில் வரும் சுளுக்கு, தசை அடி பற்றி. அவரும்கூட, அடிபட்ட புதிதில் வலிக்காகக் கொஞ்ச நேரம் ஐஸ் வைப்பதை மறுக்கவில்லை. நாள் முழுக்க, வாரக்கணக்கில் வைப்பதைத்தான் வேண்டாம் என்றார்.

தோள் அறுவையில் நான் ஐஸை ஒரே காரணத்துக்காகத்தான் வைக்கச் சொல்கிறேன்: வலி குறைந்து தூக்கம் வர. தூங்காத நோயாளி எரிச்சலில் ஸ்லிங்கைக் கழற்றுவார், மாத்திரையை அதிகம் கேட்பார், பயிற்சிக்கு வரமாட்டார். ஐஸ் குணமாக்கும் என்று நான் சொல்வதில்லை. வலி அடங்கிய பிறகும் "டாக்டர் சொன்னாரே" என்று மாதக்கணக்கில் வைப்பவர்களை நிறுத்தச் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியால் எனக்கும் ஒரு தெளிவு: வலி இல்லாத நேரத்தில் கணக்குக்காக வைக்க வேண்டியதில்லை.

யாருக்கு வைக்கவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். குளிரில் விரல் வெளுத்து நீலமாகும் ரெய்னாட் நோய் உள்ளவர்கள், குளிர் பட்டால் தடிப்பு வருகிறவர்கள், சிக்கிள் செல் ரத்தசோகை உள்ளவர்கள், அந்தப் பகுதியில் ரத்த ஓட்டக் கோளாறு உள்ளவர்கள். காலிலோ கையிலோ ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்திருந்தால் அழுத்தம் கூடாது. சுகர் உள்ளவர்கள் உணர்ச்சியைச் சோதித்த பிறகே வைக்க வேண்டும். சேலத்துத் தம்பி, ஆபரேஷனுக்கு முன்பே அம்மாவைக் கண் மூடச் சொல்லி, இரண்டு தோளிலும் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று கேளுங்கள்.

சேலத்து_மகன் | திங்கள்

தொட்டுப் பார்த்தேன் அக்கா. இரண்டும் ஒரே மாதிரி தெரிகிறது என்றார். டாக்டரிடமும் போனில் கேட்டேன், சாதா ஐஸ் போதும், மரப்பு இருக்கும்வரை கவனம் என்றார். மிஷின் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம்.

எல்லாப் பையும் தோளிலிருந்து வழுக்கி விழுகிறது என்பதுதான் இப்போது பிரச்சினை. நேற்று என் தோளிலேயே வைத்துப் பார்த்தேன். அம்மா இதைப் பார்த்துவிட்டு, "தையல் மிஷினைத் திற" என்றார். முப்பது வருடம் ஊருக்கே ஜாக்கெட் தைத்தவர். வலது கை முடியாததால் என் மனைவியை உட்காரவைத்து இடது கையால் சுண்ணக்கட்டி பிடித்துக் கோடு போட்டுக் கொடுத்தார். அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு உறை. நாளை காலை ஆறு மணிக்கு அட்மிஷன்.

டொரண்டோ_யாழ்ப்பாணம் | திங்கள்

நல்லபடியாக முடியும் தம்பி. முன்பக்கம் திறக்கிற நைட்டி இரண்டு மூன்று எடுத்துப் போங்கோ. தலைவழியாகப் போடுகிற உடுப்பு ஒன்றும் சரிவராது.

சேலத்து_மகன் | புதன் விடியற்காலை

ஆபரேஷன் முடிந்தது. இரண்டு ஆங்கர் வைத்துத் தைத்திருக்கிறார்கள். தோள் நீங்கள் சொன்ன மாதிரியே பந்து போல. கண்ணிமையும் தொங்கியது. கோவை டாக்டர் எழுதியிருக்காவிட்டால் நான் அலறியிருப்பேன். நர்ஸிடம் கேட்டேன், அவரும் அதையே சொன்னார்.

இரவு இரண்டு மணிக்குக் கட்டைவிரல் குறுகுறுக்கிறது என்றார். உடனே மாத்திரை கொடுத்தோம். நான்கு மணிக்கு வலி வந்தது, அழுதார். நான் அம்மா அழுது பார்த்ததே இல்லை. ஐஸ் வைத்தோம், 15 நிமிடம், அலாரம். பத்தாவது நிமிடத்தில் "இப்போது பரவாயில்லைடா" என்றார்.

மயக்கவியல்_கோவை | புதன் காலை

சரியாகச் செய்திருக்கிறீர்கள். அடுத்த மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்று இரவுக்குள் விரல்கள் முழு உணர்வுக்கு வர வேண்டும். வராவிட்டால், விரல் நீலமானால், கட்டுத்துணியில் கசிவு கூடினால், காய்ச்சல் வந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சேலத்து_மகன் | சனி

வீட்டுக்கு வந்து மூன்று நாள். மல்லாந்து படுத்தால் வலி கூடுகிறது, அதனால் தாத்தாவின் சாய்வு நாற்காலியைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவிப் போட்டோம். முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை. அதில்தான் தூங்குகிறார். ஐஸ் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவில் எழுந்தால் மட்டும். முழங்கை வரை ஊதா நிறம் இறங்கிவிட்டது. முன்பே சொல்லியிருந்ததால் அம்மா பயப்படவில்லை, பாட்டிதான் பயந்தார்.

ஒரு நாள் மதியம் கரண்ட் போய் ஐஸ் எல்லாம் உருகிவிட்டது. தெருமுனை ஜூஸ் கடைக்காரர் ஒரு பை நிறையக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறார். இன்று அலாரம் அடித்ததும் அவரே எழுந்து வந்து உறையைத் தூக்கித் தோலைப் பார்த்தார். "சிவப்பாத்தான் இருக்கு" என்றார்.

பிசியோ_நெல்லை | சனி இரவு

இதைப் படித்து மனம் நிறைந்தது. ஈரம் மட்டும் கவனம். உறையின் தண்ணீர் துளைக் கட்டுகளுக்குள் இறங்கக் கூடாது. ஸ்லிங் போட்ட கைக்கு அக்குளில் வேர்த்துப் புண்ணாகும், குனிந்து கையைத் தொங்கவிட டாக்டர் அனுமதித்திருந்தால் அந்த நிலையில் துடைத்து உலர்த்துங்கள். விரலையும் மணிக்கட்டையும் அடிக்கடி மடக்கி நீட்டச் சொல்லுங்கள், கைவீக்கம் வடிய அதுவும் ஐஸ் அளவுக்கு உதவும்.

சேலத்து_மகன் | மூன்றாம் வாரம், திங்கள்

தையல் பிரித்துவிட்டார்கள். துளைகள் ஆறிவிட்டன. ஐஸ் இப்போது பயிற்சிக்குப் பிறகு ஒரு முறை மட்டும். பல நாள் அதுவும் வேண்டாம் என்கிறார். நேற்று கட்டிலில் தூங்கினார்.

கபடி_பழைய_ஆள் | மூன்றாம் வாரம், திங்கள்

சந்தோஷம் சகோ. அந்த வேட்டி உறையின் அளவு கொடுக்க முடியுமா? எங்கள் அணியில் ஒரு பையனுக்கு அடுத்த வாரம் தோள் ஆபரேஷன். ஜெல் பேக்தான் வாங்கி வைத்திருக்கிறான்.

சேலத்து_மகன் | மூன்றாம் வாரம், செவ்வாய்

அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

பழைய பருத்தி வேட்டி, இரண்டு மடிப்பு. 14 அங்குல நீளம், 11 அங்குல அகலத்தில் ஒரு துண்டு. கழுத்துப் பக்கம் வரும் ஓரத்தை ஜாக்கெட் கழுத்து மாதிரி மூன்று அங்குலம் குழிவாக வெட்டவும், இல்லாவிட்டால் கழுத்தை உறுத்தும். தோள் முனையில் ஒரு சின்ன டார்ட் (கூம்பு மடிப்புத் தையல்) பிடிக்கவும், அப்போதுதான் தொப்பி போல உட்காரும். கீழ்ப்பக்கம் திறந்திருக்க வேண்டும், ஜிப் பை அந்த வழியாக உள்ளே போகும். முன்னும் பின்னும் ஒரு கஜம் நீளத்தில் சேலைக் கரை நாடா, எதிர் அக்குள் வழியாக வந்து மார்பில் முடிச்சு. முடிச்சுக்குள் இரண்டு விரல் போக வேண்டும், அதற்கு மேல் இறுக்கக் கூடாது.

பையில் பாதி ஐஸ், கால் பங்கு தண்ணீர், காற்றை அழுத்தி எடுத்துவிட்டு மூடவும். உறையை நனைத்து நன்றாகப் பிழிந்த பிறகு கட்டவும். கட்டுகளின் மேல் பிளாஸ்டிக் ஒட்டு இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும்.

பையனின் மார்புச் சுற்றளவை அனுப்பச் சொல்கிறார். இடது கையால் கோடு போட்டு, இங்கேயே தைத்து அனுப்பிவிடலாம் என்கிறார்.